கடைசி வாங்குக்கும் கேட்ட பதில்

கொன்ஸ்ரன்ஸ் அன்ரியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஏதோ அவருக்கு மாலை போட வந்தவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 'அவர்' என்று எழுதுவதுகூட அச்சுக்காகத்தான். மனதுக்குள் அவருக்கு நான் வைத்திருக்கும் சொற்களை அச்சில் போட முடியாது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் லேனின் முடக்கு வீடு அவருடையது. வாசலோடு அடுப்பு, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி, சட்டிக்குப் பின்னால் அன்ரி. ரோல்ஸும் பட்டிஸும் பொரித்துக் கன்ரீன்களுக்குக் கொடுப்பது அவருடைய தொழில். லேனை விட்டு வெளியே போக வேறு வழி கிடையாது. காலையில் நான் பஸ் எடுக்கப் போகும்போது, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பார்.

"என்ன பொன்னையா, வேலைக்கா?"

என் பெயர் மெல்ரோய். பொன்னையா என்பது தமிழில் ஒரு நல்ல மனிதரின் பெயர். பருத்தித்துறைப் பக்கம் யாராவது தபாலதிபருக்கு இருந்திருக்கும். ஆனால் கிட்டத்தட்ட அதே சத்தத்தில் சிங்களத்தில் ஒரு சொல் இருக்கிறது. என்னைப் போன்ற ஆண்களைப் பார்த்துக் காறித் துப்புவதற்கென்றே உள்ள சொல் அது. கொழும்பில் பிறந்தவர்களுக்கு இரண்டும் தெரியும். அன்ரிக்கு நன்றாகவே தெரியும். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருநாள் அழுதுகொண்டே கேட்டேன். "ஏன், நான் நல்ல தமிழ்ப் பேர்தானே சொன்னனான்? உன்ட அப்பன் வச்ச பேர்தான் வெள்ளக்காரன்ட பேர்" என்றார். லேன் முழுக்கச் சிரித்தது. அன்றைக்குப் பிடித்த வெறுப்பு. இன்று காலையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அன்ரி பிறந்ததும் இதே லேனில்தான். கலியாணம் முடித்தது துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கிளைவ் அங்கிளை. கிரேனின் உச்சியில் இருக்கிற நேரம்தான் அந்த மனிதருக்கு நிம்மதி என்று எங்கள் ஆட்கள் சொல்லுவார்கள். பாவம், நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அன்ரிக்கு முன்னால் யாரும் வாய் திறந்ததில்லை, ஒருமுறை திறந்த ஒருத்தி வீடு மாற்றிக்கொண்டு வத்தளைக்கே போய்விட்டாள். தண்ணீர்ப் பில் கொண்டு வருபவன், மீன்காரன், பாட்டுக் குழுத் தலைவி, அன்ரியிடம் வாங்கிக் கட்டாதவர் எங்கள் பக்கத்தில் இல்லை. வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய்.

அந்த வாய்க்கு ஓர் இடத்தில் மட்டும் மதிப்பு இருந்தது. எங்கள் லேனில் பிள்ளை பிறந்தால் ஞானத்தாயாக நிற்க அன்ரியைத்தான் கேட்பார்கள். ஞானஸ்நானம் கொடுக்கும்போது குழந்தை பேசாது என்பதால் அதற்காகப் பதில் சொல்வது ஞானத்தாய்தானே. "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று பாதர் கேட்பார். மற்ற ஞானத்தாய்மார் சேலைத் தலைப்புக்குள் முணுமுணுப்பார்கள். அன்ரி கோவிலின் கடைசி வாங்கில் குந்தியிருந்து தூங்குகிறவனும் எழும்பச் சொல்லுவார்: "விட்டுவிடுகிறேன்!" அவன் செயல்களை எல்லாம்? "விட்டுவிடுகிறேன்!" அவன் மாயக் கவர்ச்சிகளை எல்லாம்? "விட்டுவிடுகிறேன்!" சாத்தான் எங்காவது ஒளிந்திருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு ஓடியிருப்பான் என்று பாதரே ஒருமுறை பகிடி விட்டார். அன்ரி அதைப் பகிடியாக எடுக்கவில்லை. தன்னை 'ஞானம்மா' என்று கூப்பிடுகிற ஞானப்பிள்ளைகள் பூசைக்கு வராவிட்டால் நடுத் தெருவில் காதைப் பிடித்துத் திருகுவார். "உனக்காகப் பதில் சொன்னது நான்! மேல போனா என்னட்டத்தான் கேப்பாங்க!" என்பார்.

நல்ல காலம், நான் அவருடைய ஞானப்பிள்ளை இல்லை. என் அம்மாவுக்கு அந்தளவு புத்தி இருந்தது.

இனி என் வேலை. வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் சின்ன ஒபிஸ். வாசலில் பெயர்ப் பலகை கிடையாது, வைத்தால் கல் எறிவார்கள். வீட்டில் அடி வாங்குகிற, வீட்டை விட்டுத் துரத்தப்படுகிற, தங்களை யாரென்று யாரிடமும் சொல்ல முடியாத இளசுகள் எங்களுக்குப் போன் எடுப்பார்கள். பெண்ணை விரும்பும் பெண், ஆணை விரும்பும் ஆண், பெண்ணாக வாழ ஆசைப்படும் பையன், எல்லோரும்தான். அவர்கள் போன் எடுத்தால் முதலில் ஒரு மெஷின் பேசும். சிங்களத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, தமிழுக்கு மூன்று. இந்த நாட்டில் மூன்றை அழுத்தினால் என்ன நடக்கும் என்று தமிழனுக்குத் தெரியும். பாங்கில் அழுத்தினாலும், கரண்ட் போய் அழுத்தினாலும், கடைசியில் சிங்களம் பேசுகிற ஒருவர்தான் வருவார். எங்கள் ஒபிஸில் மூன்றை அழுத்தினால் நான் வருவேன். அதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் துண்டுப் பிரசுரத்தைத் தமிழில் எழுதியது கார்த்திகன். யாழ்ப்பாணத்துக்காரன், தமிழ் படித்தவன். நோட்டீஸ் எழுதச் சொன்னால் கல்வெட்டு வெட்டுவான். மேலே பெரிய எழுத்தில், 'பால்புதுமையினருக்கான அவசர உதவி' என்று போட்டான். பால் என்றால் ஆண்பால் பெண்பாலில் வருகிற பால், புதுமை என்றால் வழமையில் அடங்காதது, படித்தவர்கள் இப்போது இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று எனக்கு வகுப்பு எடுத்தான். சரி மச்சான், சரி. ஆனால் கொட்டாஞ்சேனையில் பால் என்றால் தேத்தண்ணிக்கு ஊற்றுவது. புதுமை என்றால் அந்தோனியார் செய்கிற அற்புதம்.

பால்மாவுக்கு வரிசையில் நின்று சனம் செத்துப் பிழைத்த வருஷம் அது. ஒருநாள் மழையில் என் பை கிழிந்து அந்த நோட்டீஸ்கள் அன்ரியின் வாசலில் கொட்டின. நான் குனிவதற்குள் ஒன்றை எடுத்துவிட்டார். எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"பால்... புதுமை. எந்த மாதாட புதுமைடா இது? பால் குடுக்கிறாங்களா?"

"ஓம் அன்ரி, அந்த மாதிரி ஒரு விஷயம்தான்" என்று சொல்லிவிட்டு மிச்சத்தைப் பொறுக்கிக்கொண்டு ஓடினேன்.

பிறகு பார்த்தால் அந்த நோட்டீஸ் அவர் வீட்டுச் சுவரில், அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில், பசை போட்டு ஒட்டியிருக்கிறது! போதாக்குறைக்கு ஒருநாள் போனும் எடுத்தார். மூன்றை அழுத்தினார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு வேர்த்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் மாதிரி குரலை இழுத்து, "இண்டைக்குப் புதுமை ஒண்டும் இல்லையணை" என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் வாசலில் மறித்தார். "உன்ட ஒபிஸ்ல ஒரு யாழ்ப்பாணத்தான் இருக்கிறான், மரியாதை தெரியாத நாய்." நான் தலையை ஆட்டினேன். பால்மா திரும்ப வந்தது, அன்ரி அதைப் புதுமையின் கணக்கில் எழுதிக்கொண்டார், நோட்டீஸ் சுவரிலேயே நின்றுவிட்டது.

இந்த வருஷம் ஒரு பின்னேரம் போன் அடித்தது.

"சொல்லுங்க, நான் கேக்கிறன்" என்றேன்.

ஒரு பெண்பிள்ளையின் குரல். "தமிழா?"

"ஓம், தமிழ்தான்."

"உண்மையாவே? லைன மாத்த மாட்டீங்களே?"

"மாத்த மாட்டன். ஆறுதலாக் கதைங்க."

அவள் கதைக்கத் தொடங்கினாள். என்னால் முதல் கொஞ்ச நேரம் காது கொடுக்க முடியவில்லை. ஏனென்றால் அவள் குரலுக்குப் பின்னால் தெருத்தெருவாகப் பாட்டுப் போட்டுப் பாண் விற்கிற சூன் பாண் வண்டியின் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், பாண் நேற்றையது என்று அந்த வண்டிக்காரனின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்த கொன்ஸ்ரன்ஸ் அன்ரியின் குரலும் கேட்டது.

எங்கள் லேன். குரலும் தெரிந்த குரல்தான், எங்கள் லேன் றொபேட்டின் மகள் டிலக்ஷி. ஏஎல் பரீட்சை முடித்துவிட்டு வெள்ளவத்தையில் கொம்பியூட்டர் கிளாஸ் போகிற பிள்ளை, பத்தொன்பது வயது. நான் யாரென்று சொல்லவில்லை. சொன்னால் பயந்து வைத்துவிடுவாள்.

கிளாஸில் தாரிகா என்று ஒருத்தியாம். இவளுக்கு அவளிலும் அவளுக்கு இவளிலும் விருப்பம். அந்தச் சொல்லைச் சொல்வதற்கே பிள்ளை பட்ட பாடு! "அது... அந்த மாதிரி..." என்று எத்தனை முறை விழுங்கினாள். அவளுடைய போனில் இருந்த மெசேஜ்களைத் தகப்பன் பார்த்துவிட்டான். றொபேட் ஒரு காலத்தில் எங்கள் கோவிலுக்கு வந்தவன்தான். வேலை போய்ப் பட்டினி கிடந்த நேரத்தில் இரத்மலானைப் பக்கம் ஒரு செபவீட்டில் சோறு போட்டார்கள், அங்கேயே ஒட்டிக்கொண்டான். அந்த செபவீட்டுப் பாஸ்ரர் மெசேஜ்களைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குள் அசுத்த ஆவி என்று தீர்ப்புச் சொன்னாராம். ஒருமுறை கொண்டுபோயும் விட்டார்கள். தண்ணீர் கொடுக்காமல் வைத்து, கையையும் காலையும் பலர் பிடித்து அமுக்க, கன்னத்தில் அறைந்து அறைந்து "வெளியே வா" என்று கத்தியிருக்கிறார்கள். பேய் வரவில்லை. அதனால் வருகிற சனிக்கிழமை திரும்பக் கொண்டுபோகப் போகிறார்கள். இந்தமுறை பேய் போகும்வரை அங்கேயே வைத்திருப்பார்களாம்.

"திரும்ப என்னைக் கொண்டுபோனா நான் உயிரோட இருக்க மாட்டன்" என்றாள்.

இந்த மாதிரி நேரத்தில் சுற்றிவளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். கேட்டேன். சாகிறதைப் பற்றி யோசிக்கிறீங்களா? ஓம் என்றாள். வேறு எதுவும் சொல்லாமல் வெறும் ஓம். அவள் அழுது முடிக்கும்வரை லைனில் இருந்தேன். இப்போதைக்கு ஒன்றும் செய்ய மாட்டேன், நாளைக்குத் திரும்ப எடுப்பேன் என்று வாக்கு வாங்கினேன். கடைசியில் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன், எங்கட நம்பர் எங்க கிடைச்சது?

"தெரிஞ்ச ஒரு ஆள்ட வீட்டில. அவவுக்கு இதெல்லாம் விளங்கும் போல" என்றாள்.

மறுநாள் அவள் எடுக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. அவள் வீட்டு முன் ஜன்னல் சாத்தியே கிடந்தது. போனைப் பறித்துவிட்டார்கள் என்று விளங்கியது.

எங்கள் ஒபிஸுக்குப் பொறுப்பு ஷெரோமி. பாதுகாப்பான வீட்டில் ஓர் அறை ஆயத்தம் என்றாள். "அவள் மேஜர், மெல்ரோய். அந்த வாசலைத் தாண்டி வந்தாளெண்டா பிறகு எவனும் தொட ஏலாது. எப்படித் தாண்ட வைக்கிறது?" பொலிஸுக்குப் போனேன். பிள்ளையை அடைத்து வைத்து அடிக்கிறார்கள் என்று மட்டும் நான் சிங்களத்தில் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஏக பவுல் ப்ரஷ்னயக்னே" என்றார் கதிரையில் இருந்தவர். குடும்பப் பிரச்சினையாம். பிறகு என் காதில் இருந்த தோட்டைப் பார்த்துக்கொண்டே, நீ அவளுக்கு யார் என்று கேட்டார். சட்டப் புத்தகத்தில் எங்களைக் குற்றவாளி ஆக்குகிற பிரிவு இன்னும் கிடக்கிறது, அவர் கண்ணிலும் கிடந்தது. எழும்பி வந்துவிட்டேன். பாதரிடம் போனேன். றொபேட் இப்போது நம்ம பங்கு இல்லையே தம்பி, நான் தலையிட்டால் மதச் சண்டை ஆகிவிடும் என்றார். எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது. சனியன்கள்.

நானே போய்க் கதவைத் தட்டலாம்தானே என்று கேட்பீர்கள். றொபேட் என்னைக் கண்டால் காலை உடைப்பான், அது போகட்டும். நான் போனால் பாஸ்ரர் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். பார், எப்படிப்பட்டவன் தேடி வருகிறான் என்பார்கள். அந்தப் பிள்ளையின் பெயரும் என் பெயரும் ஒரே வாயில் வருவதே அவளுக்கு ஆபத்து.

சனிக்கிழமை காலை வெள்ளை வேன் லேனுக்குள் வந்து நின்றது. கோட் போட்ட பாஸ்ரரும் இரண்டு தடியர்களும் இறங்கி றொபேட்டின் வீட்டுக்குள் போனார்கள். அந்த நேரம் லேனில் எனக்குத் தெரிந்து எவனுக்கும் பயப்படாத ஆள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சட்டிக்குப் பின்னால் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தது. கர்த்தரே, இந்தப் பெண்ணிடமா என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே போனேன்.

"என்ன பொன்னையா, லீவா?"

டிலக்ஷி என்னிடம் சொன்னதை நான் யாரிடமும் சொல்லக் கூடாது. செத்தாலும் கூடாது. ஆனால் பேய்க் கதை செபவீடு முழுக்கத் தெரிந்த கதைதானே.

"அன்ரி, டிலக்ஷிக்குள்ள சாத்தான் இருக்காம். ஓட்டக் கொண்டுபோறாங்க."

கரண்டி நின்றது.

"யாருக்குள்ள?"

"உங்கட ஞானப்பிள்ளைக்குள்ள."

"எவன்டா சொன்னது?"

"அந்தப் பாஸ்ரர்தான்."

அடுப்பை நூத்தார். கரண்டியைக் கீழே வைக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போன அந்த நடையைப் பார்த்தே மாடிகளில் ஆட்கள் ஜன்னல் திறந்தார்கள். சண்டை என்றால் எங்கள் ஆட்களுக்கு மூக்கில் மணக்கும்.

றொபேட்டின் வாசலில் தடியர்கள் டிலக்ஷியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைக்கு உதடெல்லாம் காய்ந்து கிடந்தது. தாய் றோஸி கதவு நிலையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தாள்.

"றொபேட், இந்தக் கோட் போட்டவர் யாரு?" என்றார் அன்ரி.

"பாஸ்ரர், அன்ரி. பிள்ளைக்கு விடுதலைச் செபம்..."

பாஸ்ரர் புன்னகைத்தார். "சகோதரி, இந்த மகளுக்குள்ள ஒரு அசுத்த ஆவி குடியிருக்கு."

"எப்ப குடிவந்தது?"

பாஸ்ரர் றொபேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"கேக்கிறன்தானே? இவள ஞானஸ்நானத் தொட்டியடியில தூக்கி வச்சிருந்தது நான். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா எண்டு பாதர் கேட்டது என்னட்ட. விட்டுவிடுகிறேன் எண்டு நான் சொன்னனான். றோஸி, கேட்டதா இல்லையா?"

"கேட்டது அன்ரி" என்றாள் றோஸி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"கடைசி வாங்குக்குக் கேட்டதா?"

"கேட்டது."

"அப்ப அது போயிட்டுது! போனது எப்பிடித் திரும்ப வந்தது? நான் சொன்னது பொய்யா? கோவிலுக்குள்ள நிண்டு ஆண்டவருக்கு முன்னால நான் பொய் சொன்னனான் எண்டு சொல்ல வாறீரா நீர்?"

பாஸ்ரருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் வாயை மூடியிருப்பார். அவர் ஒரு படி மேலே ஏறி, எல்லோருக்கும் கேட்கும்படியாக விளக்கம் சொன்னார். "சகோதரி, விவரம் தெரியாத குழந்தைக்குத் தலையில தண்ணி ஊத்துறது ஞானஸ்நானமே இல்ல. அது செல்லாது."



"செல்லாதாமா?" என்று மாடியிலிருந்து ஒரு பொம்பிளை கேட்டாள்.

"எங்கட ஞானஸ்நானம் செல்லாதாம்!" என்று இன்னொருத்தி கீழே பார்த்துக் கத்தினாள்.

அவ்வளவுதான். பல் விளக்கிக்கொண்டிருந்தவன், கராஜில் மோட்டார் சைக்கிளுக்குக் கீழே கிடந்தவன், இரவு வேலை முடித்துத் தூங்கியவன் எல்லோரும் வெளியே வந்தார்கள். என்னைக் கண்டால் துப்புகிறவர்கள். அந்தப் பிள்ளையின் கதை தெரிந்திருந்தால் அவளைக் கண்டும் துப்பியிருப்பார்கள். அவளுக்காக ஒருவரும் வரவில்லை, தங்கள் தலையில் ஊற்றிய தண்ணீருக்காக வந்தார்கள். "என்ட செத்துப்போன தாய்க்கும் செல்லாதா, சொல்லும் பாப்பம்?" என்று ஒருவன் பாஸ்ரரின் கோட்டைப் பிடித்தான். வேன் டிரைவர் யாரும் சொல்லாமலே வண்டியைப் பின்னுக்கு எடுக்கத் தொடங்கினான்.

பாஸ்ரர் கடைசியாக வாய் திறந்தார். "இவள் செய்த அருவருப்பு என்னெண்டு உங்களுக்குத் தெரியுமா..."

"பாஸ்ரர், வேணாம்!" என்று றொபேட் அவர் கையைப் பிடித்துவிட்டான். லேன் முழுக்க நிற்கிறது. அவனுக்கு மகளின் உயிரைவிட அந்த வெட்கம் பெரிதாக இருந்தது. அந்த நாய்க்குணம் அன்றைக்கு எங்களுக்கு உதவியது.

தடியர்கள் பிடியை விட்டார்கள். அன்ரி டிலக்ஷியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். பேச வந்த றோஸியிடம், "கொஞ்ச நாளைக்குப் பிள்ளை என்னோட" என்றார். நான் ஷெரோமிக்குப் போன் போட்டு, வா, உடனே வா என்றேன். வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டுவிட்டாள். அவள் வரும்வரை இந்தப் பிள்ளை இந்த வீட்டுக்குள் இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அன்ரி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு பால் தேத்தண்ணி. பிறகு ஒரு ரோல்ஸ். "மெல்லத் தின், விக்கும்" என்று அதட்டினார். பிள்ளை தின்றுகொண்டே சுவரைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. விளங்கி, வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"உங்களுக்கு விளங்கும் எண்டு எனக்குத் தெரியும், ஞானம்மா. அதுதானே அந்த நோட்டீஸ ஒட்டி வச்சிருக்கிறீங்க. அந்த நம்பருக்குத்தான் நானும் எடுத்தனான்."

"எதுக்கு? பால்மாக்கா?"

"இல்ல ஞானம்மா..." என்று நிறுத்தினாள். என்னிடம் போனில் அத்தனை முறை விழுங்கிய பிள்ளை, இந்தத் தடவை விழுங்கவில்லை. "எனக்கு ஒரு பெண்பிள்ளையில விருப்பம். அவளுக்கும் என்னில. அதுக்குத்தான் அப்பா பேய் எண்டு சொல்றார்."

அன்ரி அந்தோனியாரைப் பார்த்தார். நோட்டீஸைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"டேய். பால்புதுமை எண்டா இதாடா?"

"ஓம் அன்ரி."

கரண்டி பறந்து வந்து என் தோளில் பட்டது. "அந்தோனியாருக்குப் பக்கத்தில! இத்தினை வருஷமா! அதுக்கு முன்னால நிண்டு செபமாலை சொன்னனான்டா, நாசமாப் போனவனே!" பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பி, சீ என்றார். வெட்கம் கெட்டவள் என்றார். உன்ட தாய் வயிறு எரியாதா என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார், நான் எழுத மாட்டேன். எனக்கு அந்தக் கிழவியின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல வந்தது. டிலக்ஷி பாதி ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு எழும்பினாள்.

"நான் போறன் ஞானம்மா" என்றாள். சத்தமே இல்லாத குரல். போனில் ஓம் என்று சொன்னாளே, அதே குரல்.

அவள் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும். போக விடக் கூடாது என்று கதவை மறித்துக்கொண்டு நின்றேன். வெளியே றொபேட் வந்து நின்றான். உள்ளே நடந்த சத்தத்தைக் கேட்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால் மெயின் ரோட்டில் வேன் இன்னும் போகாமல் நின்றது.

"இப்ப உங்களுக்கே தெரிஞ்சிட்டுதுதானே அன்ரி" என்றான். "நான் சும்மாவா பாஸ்ரரக் கூப்பிட்டனான்? ஊரைக் கூட்டிக் கத்தினீங்க. இனியாவது விட்டுடுங்க. இவள விட்டுடுங்க."

அன்ரி முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். என்னை ஒரு கையால் தள்ளிவிட்டு வாசலுக்கு வந்தார். டிலக்ஷி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"எனக்கு இது பிடிக்கேல்ல றொபேட்" என்றார். "செத்தாலும் பிடிக்காது."

"அப்ப விடுங்க."

அன்ரி மூச்சை இழுத்தார். பிறகு கோவிலில் பதில் சொல்கிற அதே குரலில், மெயின் ரோட்டில் வேனுக்குள் இருந்தவனுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"அண்டைக்கு நான் விட்டுவிடுகிறேன் எண்டு சொன்னது சாத்தானை. பிள்ளையை இல்ல."

றொபேட் பின்னால் திரும்பி வேனைப் பார்த்தான்.

"பொன்னையா, கதவைப் பூட்டு" என்றார்.

பூட்டினேன்.